பின்னாலிருந்து ‘ம்ம்ம்’: மின்சாரக் காரின் இரைச்சலைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது

மின்சாரக் கார் வாங்கிய புதிதில் சத்தமே இல்லாத வண்டி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்போம். சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒருநாள், வேகம் 50-ஐத் தாண்டும்போது பின்சீட்டுக்கு அடியிலிருந்து ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் எழும்பும். பெட்ரோல் வண்டியாக இருந்தால் இதே இரைச்சலை இன்ஜின் சத்தம் அமுக்கியிருக்கும். மின்சார வண்டியில் மறைக்க எதுவும் இல்லாததால் சின்னக் கோளாறும் பெரிதாகக் கேட்கிறது.

இந்தச் சத்தம் வந்ததும் உரிமையாளர் மோட்டாரைச் சந்தேகிக்கிறார், மெக்கானிக் பேரிங்கைச் சந்தேகிக்கிறார். இரண்டு பேரும் டயரைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும். பேரிங்கை மாற்றி, பில்லைக் கட்டி, வண்டியை வெளியே எடுத்தால் அதே சத்தம் கூடவே வரும். அதனால் எதையும் கழற்றுவதற்கு முன் காதுக்கு வேலை கொடுங்கள். சத்தம் எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

வண்டியை ஓட்டுவது எந்தச் சக்கரம்?

நெக்ஸான் இவி, டியாகோ இவி, எம்ஜி இசட்எஸ் இவி, எக்ஸ்யூவி400, பிஒய்டி அட்டோ 3, கிரெட்டா எலக்ட்ரிக் ஆகிய எல்லாவற்றிலும் மோட்டார் முன்னால் இருக்கிறது. பின்சக்கரங்கள் வெறுமனே உருள்கின்றன. இந்த வண்டிகளில் பின்பக்கம் இரைந்தால் மோட்டாரைப் பற்றிக் கவலையே வேண்டாம். டயர், பேரிங், பிரேக், உடம்பில் தளர்ந்த பாகம், இவ்வளவுதான்.

எம்ஜி காமெட், மஹிந்திரா பிஇ 6, எக்ஸ்இவி 9இ, ஹூண்டாய் அயோனிக் 5 போன்றவற்றில் மோட்டாரும் கியர்பெட்டியும் பின் அச்சில் உட்கார்ந்திருக்கின்றன. இரட்டை மோட்டார் வண்டிகளிலும் பின்னால் ஒன்று உண்டு. இவற்றில்தான் சந்தேகப் பட்டியலில் கியரும் சேரும்.

ஓட்டிப் பார்க்கும் சோதனை

துணைக்கு ஒருவர் வேண்டும். அவர் பின்சீட்டில் பெல்ட் போட்டு உட்கார வேண்டும். சத்தம் கேட்பதற்காக டிக்கியில் ஆளைப் படுக்க வைத்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

1. டிக்கியைக் காலி செய்யுங்கள். ஜாக்கி, சார்ஜர் பை, தண்ணீர்க் கேன் எல்லாம் வெளியே. பின்சீட்டின் சாய்வுப் பகுதி கொக்கியில் சரியாக மாட்டியிருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள்.

2. காலையில் வண்டியை எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றழுத்தம் பாருங்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுதான் கணக்கு. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அதிகபட்ச அளவு. அதைப் பார்த்து அடிக்கக் கூடாது. மின்சார வண்டிக்காரர்கள் பெட்ரோல் பங்க் பக்கமே போவதில்லை, அதனால் காற்றடிப்பதும் மறந்துபோகிறது. ஒரு டிஜிட்டல் அளவுமானி வாங்கி வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

3. ஆள் நடமாட்டம் இல்லாத, நேரான, இருவழி பிரிந்த சாலைக்குப் போங்கள். ஏசி, பாட்டு இரண்டையும் அணைத்து, கண்ணாடிகளை முழுக்க ஏற்றிவிடுங்கள். பின் கண்ணாடி ஒரு விரல் அளவு இறங்கியிருந்தாலும் காற்று உள்ளே குடைந்து ‘பும் பும்’ என்று அடிக்கும்.

4. 30-லிருந்து 80 வரை மெதுவாக ஏற்றுங்கள். சத்தம் எந்த வேகத்தில் தொடங்குகிறது, எதில் உச்சம் என்று பின்னால் இருப்பவர் குறித்துக்கொள்ளட்டும்.

5. தார்ச் சாலை முடிந்து கான்கிரீட் தொடங்கும் இடத்தை, அல்லது பழைய தாரும் புதுத் தாரும் சேரும் இடத்தை ஒரே வேகத்தில் கடந்து பாருங்கள். சாலை மாறியதும் சத்தத்தின் குணமே மாறினால் டயர். சாலை எதுவானாலும் ஒரே மாதிரி இரைந்தால் பேரிங் அல்லது கியர்.

6. ரீஜென் (காலை எடுத்ததும் மோட்டாரே வண்டியின் வேகத்தைக் குறைக்கும் வசதி) அளவை ஆகக் குறைவாக வையுங்கள். பின்னால் வண்டி வராத நேரத்தில், 60-ல் ஓடும்போது ஆக்ஸிலரேட்டரை நன்றாக மிதியுங்கள். பிறகு முழுக்கக் காலை எடுங்கள். பிறகு ரீஜெனைக் கூட்டி அதையே திரும்பச் செய்யுங்கள். கால் அசைவுக்கு ஏற்பச் சத்தம் எழுந்து அடங்கினால் கியர் அல்லது மோட்டார். கால் என்ன செய்தாலும் வேகத்தை மட்டுமே பின்தொடர்ந்தால் டயர் அல்லது பேரிங். இதற்காக ஓடும் வண்டியை நியூட்ரலில் போட வேண்டியதில்லை.

7. அகலமான வளைவில், நிதானமான வேகத்தில் இடப்பக்கமும் வலப்பக்கமும் திரும்பிப் பாருங்கள். வண்டி இடப்பக்கம் திரும்பும்போது பாரம் வலப்பக்கச் சக்கரத்தில் ஏறும். அப்போது சத்தம் கூடினால் வலப்பக்கப் பேரிங் மேல் சந்தேகம். வலப்பக்கம் திரும்பும்போது கூடினால் இடப்பக்கம். நேர்ச்சாலையில் ஸ்டீயரிங்கை வெட்டி வெட்டி இதைச் சோதிக்காதீர்கள்.

8. கடைசியாக, பிரேக்கை லேசாகத் தொட்டபடியே சில விநாடி ஓட்டுங்கள். சத்தம் நின்றாலோ மாறினாலோ பிரேக்கைப் பாருங்கள்.

சுருதியும் ஒரு துப்பு. 215/60 ஆர்16 டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.1 மீட்டர். 60 கி.மீ. வேகத்தில் அது விநாடிக்கு 8 முறை சுற்றுகிறது. டயரின் சுற்றில் அறுபதுக்கு மேல் ரப்பர் கட்டைகள் இருந்தால் அவை சாலையைத் தட்டும் சத்தம் 500 ஹெர்ட்ஸ் அருகில் வரும். பேரிங்கின் உறுமல் அதைவிடத் தாழ்ந்தது. கியரின் கதை வேறு. மோட்டார் சக்கரத்தைப் போல் ஏறக்குறைய 10 மடங்கு வேகத்தில் சுற்றுகிறது. அதன் சிறு பல்சக்கரத்தில் 25 பற்கள் என்று வைத்தாலும் சத்தம் 2,000 ஹெர்ட்ஸுக்குப் போய்விடும். அது ‘ம்ம்ம்’ என்று கேட்காது, ‘ஙீஈஈ’ என்று மெல்லிய ஊதல் போலக் கேட்கும். செல்பேசியில் ஒலி அலைவரிசை காட்டும் செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பின்னால் இருப்பவர் அதை இடப்பக்கச் சக்கர வளைவின் மேல் ஒரு முறை, வலப்பக்கம் ஒரு முறை வைத்துப் பதிவு செய்யட்டும். இரண்டு பதிவும் ஒரே வேகத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும்.

நிற்கும்போதே கேட்டால்

சார்ஜ் ஏறும்போதும், நீண்ட ஓட்டம் முடிந்து நிறுத்திய பிறகும் பேட்டரியைக் குளிர்விக்கும் பம்பும் மின்விசிறியும் சில நிமிடம் ஓடும். அது கோளாறு இல்லை. அதேபோல், நடந்து போகிறவர்களை எச்சரிக்கச் சில வண்டிகள் 20, 30 கி.மீ. வேகம் வரையும், பின்னோக்கி நகரும்போதும் ஒரு செயற்கை ஒலியை எழுப்புகின்றன. குறிப்பிட்ட வேகத்தில் பட்டென்று நின்றுபோகும் ரீங்காரம் என்றால் அதுதான். அதன் ஒயரைப் பிடுங்கிவிடாதீர்கள். அந்தச் சத்தம் பாதசாரிகளுக்காக வைத்தது.

டயர்: கையால் தடவிப் பாருங்கள்

தடிமனான கையுறை போட்டுக்கொண்டு, டயரில் கம்பியோ ஆணியோ நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் கண்ணால் பாருங்கள். இல்லை என்று உறுதியானதும் கையுறையைக் கழற்றிவிட்டு, உள்ளங்கையை டயரின் மேற்பரப்பில் வைத்து முன்னோக்கி ஒரு தடவு, பின்னோக்கி ஒரு தடவு. நல்ல டயரில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். ஒரு பக்கம் வழுவழுவென்றும் மறுபக்கம் ரம்பம் மாதிரியும் கையில் சிக்கினால், ஒவ்வொரு ரப்பர் கட்டையும் ஒரு விளிம்பில் மட்டும் தேய்ந்திருக்கிறது. உங்கள் ‘ம்ம்ம்’ இங்கேதான் பிறக்கிறது.

வெளி விளிம்பை மட்டும் தடவி நல்லாயிருக்கிறது என்று எழுந்துவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. பின் டயர் பெரும்பாலும் உள் விளிம்பில்தான் தேயும். அது நின்று பார்த்தால் தெரியாது. குனிந்து, கையை உள்ளே விட்டுத் தடவினால்தான் அகப்படும். முழுச் சுற்றையும் பார்க்க வேண்டும் என்பதால் வண்டியை அரைச் சக்கரம் நகர்த்தி மறுபடியும் தடவுங்கள். இடையிடையே பள்ளம் பள்ளமாக இருந்தால் ஷாக் அப்சார்பர் தளர்ந்திருக்கலாம்.

அடுத்து, காசு செலவில்லாத உறுதிச் சோதனை:

1. முன் டயர்களைப் பின்னாலும் பின் டயர்களை முன்னாலும் அதே பக்கத்திலேயே மாற்றுங்கள். முன்னும் பின்னும் ஒரே அளவாக இருந்தால்தான் இது செல்லும். பின் அச்சில் மோட்டார் உள்ள சில வண்டிகளில் பின் டயர் அகலம் கூடுதல். அவற்றில் மாற்ற முடியாது. டயரின் பக்கவாட்டில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருந்தால் அதை மீறாதீர்கள்.

2. அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டுங்கள்.

3. சத்தம் முன்னால் வந்துவிட்டதா? டயர்தான். பின்னாலேயே நிற்கிறதா? டயரை விட்டுவிட்டு அடுத்த பகுதிக்குப் போங்கள்.

டயர் என்று தெரிந்தால் முதலில் நான்கு சக்கர அலைன்மென்ட். பல கடைகளில் முன்சக்கரத்தை மட்டும் பார்த்துச் சீட்டைக் கொடுத்துவிடுவார்கள். பின்சக்கர அளவும் அச்சிட்ட சீட்டைக் கேட்டு வாங்குங்கள். காரணத்தைச் சரிசெய்யாமல் டயரை மட்டும் மாற்றினால் புது டயரும் அதே வழியில் போகும். தேய்மானம் லேசாக இருந்தால், இடம் மாற்றிப் போட்டபின் ஓட ஓடச் சத்தம் தணியும். ஆழமாகத் தேய்ந்தது தணியாது. ஒரே அச்சில் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். பள்ளத்தின் ஆழம் 1.6 மி.மீ. ஆகிவிட்டால் சத்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாற்றியே ஆக வேண்டும். பேட்டரியால் இந்த வண்டிகள் கனமானவை. அதனால் பழைய டயரில் இருந்த பாரக் குறியீட்டு எண்ணுக்குக் குறைந்ததை, விலை குறைவு என்பதற்காக வாங்காதீர்கள்.

குறிப்பு: சில மின்சாரக் கார்களின் டயருக்குள் சத்தத்தை உறிஞ்ச ஒரு பஞ்சு வளையம் ஒட்டியிருக்கும். பஞ்சர் ஒட்டும்போது அதைப் பிய்த்துச் சரியாகத் திரும்ப ஒட்டாவிட்டால் உள்ளே கழன்று உருண்டு அதிரும். பஞ்சர் போட்ட சில நாளில் இரைச்சல் தொடங்கியது என்றால் டயரைக் கழற்றி உள்ளே பார்க்கச் சொல்லுங்கள்.

ஜாக்கி போடும் முன்

மின்சாரக் காரின் தரை முழுக்கப் பேட்டரி. பஞ்சர் கடையில் கைக்கு வந்த இடத்தில் ஜாக்கி கொடுப்பது போல இங்கே செய்ய முடியாது. பேட்டரிப் பெட்டியில் ஜாக்கி அழுத்தினால் செலவு லட்சங்களில் போகும். தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. உரிமையாளர் கையேட்டில் காட்டியுள்ள நான்கு முனைகளைத் தவிர வேறெங்கும் கூடாது.

ஆரஞ்சு நிற ஒயர் எங்கே தெரிந்தாலும் தொடாதீர்கள். அதில் ஓடுவது பெரும்பாலான வண்டிகளில் 300 வோல்ட்டுக்கு மேல்; சில வண்டிகளில் 800 வரை. 12 வோல்ட் பேட்டரியைக் கழற்றிவிட்டால் ஆபத்து போய்விட்டது என்று எண்ண வேண்டாம்.

பின் அச்சில் மோட்டார் உள்ள வண்டிக்கு இன்னொன்று: பார்க் நிலை பூட்டுவது பின்சக்கரங்களைத்தான். பார்க்கிங் பிரேக்கையும் விடுவித்துவிட்டு ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கினால், தூக்கிய சக்கரம் எதிர்த்திசையில் சுற்ற, தரையில் இருப்பது உருளும். பார்க்கில்தானே இருக்கிறது என்று நம்பி அடியில் போனவர் மேல் வண்டி இறங்கிவிடும். ஆகவே முன்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வைப்பது கட்டாயம். சமதளமான சிமென்ட் தரை வேண்டும். சாவியை வீட்டுக்குள் வைத்துவிடுங்கள்.

தூக்கிச் சுற்றிப் பார்த்தல்

1. முன்சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். பின்பக்கம் இரண்டையும் தூக்கி, ஜாக் ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யக் கூடாது.

2. பார்க்கிங் பிரேக்கை விடுவியுங்கள். பின் மோட்டார் வண்டியில் ஒரு சக்கரத்தைச் சுற்றினால் மற்றது எதிர்ப்பக்கம் சுற்றும், பயப்பட வேண்டாம். மோட்டாரைக் கொண்டு சக்கரத்தை ஓட்டிச் சோதிக்காதீர்கள். கையால் சுற்றினால் போதும்.

3. சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள், பிறகு பக்கவாட்டில். ‘டக் டக்’ என்று ஆட்டம் இருந்தால் பேரிங் முற்றிவிட்டது. அந்த வண்டியை அதற்குமேல் ஓட்ட வேண்டாம்.

4. ஆட்டம் இல்லையென்றாலும் பேரிங் நன்றாக இருக்கிறது என்று பொருளில்லை. துணைக்கு வந்தவர் சக்கரத்தைச் சுற்ற, நீங்கள் சஸ்பென்ஷன் சுருள்கம்பியை இரு விரலால் லேசாகத் தொட்டுக்கொண்டிருங்கள். கெட்ட பேரிங்கின் கரகரப்பு காதுக்குக் கேட்கும் முன் அந்தக் கம்பியில் விரலுக்குத் தெரியும். விரல் கம்பிகளுக்கிடையே போகாமல் வெளிப்பக்கம் மட்டும் தொட வேண்டும்.

5. மறுபக்கமும் அதையே செய்து ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள்.

வேகத்தடையில் பறந்து விழுந்த வண்டி, மழைக்காலத்தில் சக்கரம் மூழ்க வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் பேரிங் மேல் சந்தேகம் கூடுதல். தண்ணீர் உள்ளே போனதன் சத்தம் மாதங்கள் கழித்தும் வரும்.

பேரிங் மாற்றுவது யார் வேலை?

பின்சக்கரம் வெறுமனே உருளும் வண்டி, ஹப்பும் பேரிங்கும் ஒரே துண்டாக நான்கு போல்ட்டில் நிற்கும் வகை, உங்களிடம் டார்க் ரெஞ்ச் இருக்கிறது. இந்த மூன்றும் பொருந்தினால் நீங்களே செய்யலாம். பேரிங்கை அழுத்திச் செருகும் வகை என்றால் ஹைட்ராலிக் பிரஸ் உள்ள பட்டறைக்குத்தான் போக வேண்டும். பின் மோட்டார் வண்டியில் ஆக்சில் நட்டை இறுக்கும் விசை மிக அதிகம், ஒவ்வொரு முறையும் புது நட் வேண்டும். அதையும் பட்டறைக்கு விடுங்கள்.

1. வண்டி தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்துங்கள். பிறகு தூக்கி, ஸ்டாண்ட் வைத்து, சக்கரத்தைக் கழற்றுங்கள்.

2. மின்சாரப் பார்க்கிங் பிரேக் உள்ள வண்டியை முதலில் பராமரிப்பு நிலைக்குக் கொண்டுவர வேண்டும். எப்படி என்று கையேட்டில் இருக்கும். அதைச் செய்யாமல் பிஸ்டனை உள்ளே அழுத்தினால் அதன் குட்டி மோட்டார் உடையும்.

3. காலிப்பரைக் கழற்றிக் கம்பியால் சுருள்கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் ஹோஸில் தொங்கக் கூடாது. டிஸ்க்கை எடுங்கள்.

4. ஏபிஎஸ் சென்சாரின் போல்ட்டைக் கழற்றி மெல்ல உருவுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள்.

5. பின்பக்கமிருந்து ஹப் போல்ட்டுகளைத் தளர்த்துங்கள். துருப்பிடித்து ஒட்டியிருந்தால் துருநீக்கி எண்ணெய் அடித்துக் காத்திருங்கள்.

6. ஹப் உட்காரும் முகத்தைக் கம்பித் தூரிகையால் பளிச்சென்று தேயுங்கள். அங்கே துரு மிச்சமிருந்தால் புது ஹப் கோணலாக உட்காரும்.

7. புதிய ஹப்பின் ஒரு பக்கத்தில் கறுப்பாக ஒரு காந்த வளையம் இருக்கும். ஏபிஎஸ் சென்சார் வேகத்தைப் படிப்பது அதிலிருந்துதான். அதைச் சுத்தியலுக்கும் காந்தத்துக்கும் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். அது சென்சார் பக்கம் இருக்கும்படி ஹப்பைப் பொருத்தி, கையேட்டில் சொன்ன விசைக்கு இறுக்குங்கள்.

8. கழற்றியதற்கு நேரெதிர் வரிசையில் பூட்டுங்கள். வீல் நட்டைக் குறுக்கும் நெடுக்குமாக இறுக்கி, வண்டியை இறக்கியபின் டார்க் ரெஞ்ச்சில் முடியுங்கள். பிரேக் மிதியைக் கெட்டியாகும் வரை சில முறை அழுத்திய பிறகே வண்டியை நகர்த்துங்கள். 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் வீல் நட்டுகளை மறுபடி சரிபாருங்கள்.

பிரேக்கும் காற்றும்

ரீஜெனே வண்டியைப் பெரும்பாலும் நிறுத்திவிடுவதால் மின்சாரக் காரின் பின் டிஸ்க் அதிகம் வேலை செய்வதில்லை, துருப்பிடிக்கிறது. ஓட்டி வந்ததும், தொடாமலே அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானியை இரண்டு பின் டிஸ்க்குகளுக்கு நேரே காட்டுங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அந்தப் பக்கம் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. கையை வைத்துப் பார்க்காதீர்கள், பொத்துவிடும். வெறும் துரு என்றால் ரீஜெனைக் குறைத்து, ஆளில்லாத சாலையில் 60-லிருந்து நான்கைந்து முறை நன்றாகப் பிரேக் அழுத்தினால் தேய்ந்துபோகும்.

70-க்கு மேல் மட்டும், அதுவும் எதிர்க்காற்றில் கேட்டால் காற்றுச் சத்தம். பார்க்க வேண்டிய இடங்கள்: கூரைக் கம்பி, டிக்கி ரப்பர், நம்பர் பிளேட், சக்கர வளைவின் உள் பிளாஸ்டிக், அடித்தட்டின் திருகுகள். சந்தேகப்பட்ட இடுக்கில் பெயின்டர்கள் ஒட்டும் மாஸ்கிங் டேப்பை ஒட்டி ஓட்டிப் பாருங்கள். சத்தம் போனால் இடம் அகப்பட்டது.

கியர் என்றால்

ஆக்ஸிலரேட்டருக்கு ஏற்ப ஏறி இறங்கும் ஊதலை வீட்டில் சரிசெய்ய முடியாது. கியர்பெட்டியைத் திறந்தால் உத்தரவாதம் போகும். நீங்கள் செய்யக்கூடியது, பின் அச்சுக்கு அடியில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பதும், ஆதாரம் சேர்ப்பதும். துணைக்கு வருகிறவர் வேகமானியும் சத்தமும் சேர்ந்து பதியும்படி ஒரு வீடியோ எடுக்கட்டும். சர்வீஸ் சென்டரில் “பின்னால் சத்தம்” என்று எழுதினால் “சோதித்தோம், இயல்பு” என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஜாப் கார்டில் இப்படி எழுதச் சொல்லுங்கள்: ‘60 முதல் 75 வரை, ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது ஊதல், காலை எடுத்தால் நிற்கிறது, டயர் இடம் மாற்றியும் மாறவில்லை.’ வேக எண்கள் உங்கள் வண்டிக்குரியதாக இருக்கட்டும். அவர்களுடைய ஆளையே பக்கத்தில் உட்காரவைத்து அந்தச் சத்தத்தை வரவழைத்துக் காட்டிய பிறகு சாவியைக் கொடுங்கள்.